முதல் தோல் உறை: எந்தத் தோல், எந்த வடிவம், எந்தத் தையல்?

கையால் ஒரு தோல் உறை செய்து இடுப்பில் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டு இணையத்தில் தேடினால், வந்து விழுவது பெரும்பாலும் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்குச் செய்யும் உறைகள்தான். அதில் தப்பில்லை. தோலை நனைத்து உருவம் பிடிக்க வைப்பது, இரண்டு ஊசியால் தைப்பது, விளிம்பைத் தேய்த்து மினுக்குவது எல்லாம் அந்தக் கைவேலைக்காரர்கள் நன்றாகத் தேர்ந்து வைத்திருக்கும் விஷயங்கள். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வேலைக்குப் போகிறவரின் இடுப்பில் இருப்பது குறடு, கொப்பு வெட்டும் கத்தரி, அளவுநாடா, வயலுக்குக் கொண்டு போகும் கத்தி. உள்ளே போகும் பொருளும் வேறு, வெளியே வீசும் காற்றும் வேறு. உலர்ந்த ஊரில் இருப்பவர் சொல்லும் தோலும் எண்ணெயும் வாவிக்கரையில் அப்படியே பொருந்துவதில்லை.

ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன வழிகள் இருக்கின்றன, முதல்முறை செய்கிறவர் அவற்றில் எதை எடுப்பது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காசைத் தோலில் போடுங்கள், கருவிகளில் மிச்சம் பிடியுங்கள். மட்டமான தோலை விலை உயர்ந்த கருவிகளால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் ஒரு மாரிக்குள் தொய்ந்துவிடும். நல்ல தோலில் சாதாரணக் குத்தூசியால் துளையிட்டுச் செய்தது பல வருடம் நிற்கும்.

தோல்தான் வேண்டுமா?

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் கடலுக்கோ வாவிக்கோ தொழிலுக்குப் போகிறவருக்கு நான் தோல் உறையைச் சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீர் தோலுக்குள் இறங்கினால், தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கிவிடும். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உறை எந்த நேரமும் நசநசப்பாக இருக்கும், உள்ளே வைத்த கத்தி துருப்பிடிக்கும், தோல் காயும்போதெல்லாம் விறைத்துக் கடைசியில் வெடிக்கும்.

தோணியில் இருப்பவருக்கு நல்லது பி.வி.சி. தண்ணீர்க் குழாய். ஒரு துண்டை வெட்டிச் சூடாக்கி இளக வைத்து, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தித் தட்டையாக்கி, அடியைக் குறுக்கி, பக்கத்தில் இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்தால் உறை தயார். கழுவலாம், அழுகாது, உடைந்தால் இன்னொன்று செய்யலாம். சூடாக்குவதை மட்டும் திறந்த வெளியில் செய்ய வேண்டும். குழாய் இளகினால் போதும். கருகும் அளவுக்கு விட்டால் வரும் புகை நெஞ்சைக் கெடுக்கும் நச்சுப் புகை. வெளிநாடுகளில் கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டை இதே விதமாகச் சூடாக்கி உறை செய்கிறார்கள். அது பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நமக்கு எளிதில் கிடைக்காத ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கடைகளில் விற்கும் நைலோன் உறை குறட்டுக்கும் அளவுநாடாவுக்கும் போதும். கத்திக்கு வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் தகடு வைக்காத நைலோன் உறையைக் கூரான கத்தி வெட்டிக்கொண்டு தொடையைத் தேடி வரும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல், தோட்டம், மாடு என்று இருப்பவர்களுக்கும், ஊருக்குள் மின்சார வேலை, தச்சு வேலை, மேசன் வேலை செய்பவர்களுக்கும் தோல் மிகவும் பொருந்தும். குனிந்து நிமிரும்போது உடம்போடு சேர்ந்து வளையும். கத்தியின் கூரைக் கெடுக்காது. நாளாக நாளாக அந்தக் கருவிக்கே உரிய உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். தையல் விட்டால் அதே துளைகளில் திருப்பித் தைக்கலாம். ஒரு நாள் மழையில் நனைவது தோலுக்குப் பெரிய விஷயமே இல்லை, நிழலில் காயவிட்டால் சரியாகிவிடும். அதைக் கெடுப்பது உப்பும், நாள்கணக்கில் மாறாத ஈரமும்தான்.

எந்தத் தோல்

மற்ற எல்லாத் தீர்மானத்தையும் விட இதுதான் பெரியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரெக்சினை முதலில் ஒதுக்கிவிடலாம். தோல்போல அச்சடித்த பிளாஸ்டிக் பூச்சு, கீழே துணி. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியும். பழைய சோபாக்களில் பார்த்திருப்பீர்கள். பயிற்சிக்குக்கூட வேண்டாம், ஏனென்றால் உண்மையான தோல் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது கற்றுத் தராது.

மிச்சம் இரண்டு: குரோமில் பதனிட்ட தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். விற்கிறவர்கள் இரண்டாவதை ‘வெஜ்-டான்’ என்பார்கள்.

குரோம் முறை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. குரோமியம் உப்புக் கரைசலில் போட்டால் ஏறக்குறைய ஒரே நாளில் தோல் பதப்பட்டுவிடும். இன்று உலகத்தில் செய்யப்படும் தோலில் பெரும்பகுதி இதுதான். மென்மையானது, தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், சப்பாத்தின் மேல்பகுதிக்கும் கைப்பைக்கும் கதிரைக்கும் அருமையானது. நம் பக்கத்தில் கையில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுவே. ஆனால் உறைக்கு இரண்டு குறை. ஒன்று, இது உருவம் பிடிக்காது. நனைத்து, அழுத்தி, காயவைத்தாலும் பழையபடி தொளதொளவென்று ஆகிவிடும். உறையின் வாய் மூடிக்கொள்ளும், கத்தியைத் திருப்பிச் செருகும்போது கை தடுமாறும். இரண்டாவது, அதில் மிஞ்சியிருக்கும் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். நம்மைப்போல ஈரக் காற்றில் வாழ்கிறவர்கள் இந்த இரண்டாவதை லேசாக எடுக்கக் கூடாது.

மரப்பட்டைத் தோல் பதப்பட வாரங்களோ மாதங்களோ ஆகும். பட்டையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புச் சத்தான டானின் மெல்ல மெல்லத் தோலின் நாருக்குள் ஏறுகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டவை. தென்னிந்தியாவில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தோல் நனைந்தால் களிமண்போல விரலுக்கு இணங்கும், காய்ந்தால் விரல் விட்ட இடத்திலேயே நிற்கும். துப்பாக்கி உறை செய்கிறவர்கள் இதைத் தவிர வேறு எதையும் அநேகமாகத் தொடாததற்குக் காரணம் இதுதான். விலை கூட. முழுதாக நனைந்தால் குரோமைவிட மெதுவாகக் காயும். அப்படியிருந்தும் உறைக்கு இதைத்தான் எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடையில் எப்படிப் பிரித்தறிவது? ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். பூச்சுப் பூசாத மரப்பட்டைத் தோல் அதைக் குடித்துக் கறுக்கும். ஈரமான அந்த இடத்தில் நகத்தால் அழுத்துங்கள். தடம் அப்படியே நின்றால் நல்லது, மெல்ல மறைந்தால் அது பெரும்பாலும் குரோம். வெட்டிய விளிம்பையும் பாருங்கள். மரப்பட்டைத் தோலில் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும், குரோமில் நடுப்பகுதி நீலச் சாம்பல் நிறமாகத் தெரிவதுண்டு. சாயம் ஏற்றியிருந்தால் இது ஏமாற்றும். சந்தேகம் தீராவிட்டால் சின்னத் துண்டு ஒன்றை வாங்கி வந்து கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். மரப்பட்டைத் தோல் சுருண்டு சுருங்கிவிடும், நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் அசையாது. எரித்துப் பார்க்கச் சொல்வார்கள் சிலர். அது வேண்டாம், குரோம் தோல் எரிந்த புகையும் சாம்பலும் உடம்புக்கு ஆகாதவை.

கிழக்கில் இது எளிதில் கண்ணில் படாது. எங்கே தேடுவது? முதலில் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியிடம் கேளுங்கள். தோல் சப்பாத்தின் அடித்தோலும் உள்ளே கால் படும் தோலும் பெரும்பாலும் மரப்பட்டையில் பதனிட்டவை. அடித்தோல் 4, 5 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும், உறையின் உடலுக்கு அது அதிகம், நடுவில் வைக்கும் பட்டிக்கு (அதைக் கீழே சொல்கிறேன்) உதவும். உள்தோல் நமக்கு நெருக்கமான தடிப்பில் இருக்கும். இடுப்புவார் செய்கிறவர்களிடம் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளும் நல்லவை. கொழும்பிலிருந்து வரவழைப்பதானால் முழுப் பக்கத் தோலை வாங்க வேண்டாம். 12 சென்ரிமீற்றர் அலகுள்ள கத்திக்கு ஒரு ஏ4 தாள் அளவுத் துண்டு போதும். முதலாவது சரியாக வராவிட்டால் இரண்டாவதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டு துண்டு வாங்குங்கள்.

தடிப்பு 3 மில்லிமீற்றர். வெளிநாட்டுக் காணொளிகளில் அவுன்ஸ் என்பார்கள். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். அவர்கள் சொல்லும் 7–8 அவுன்ஸ் என்பது 2.8 முதல் 3.2 மில்லிமீற்றர். 2-க்குக் கீழே போனால் உறை தன் காலில் நிற்காது. 4-க்கு மேலே போனால் முதல்முறை தைக்கிறவரின் விரல்தான் படாதபாடு படும்.

மாட்டின் எந்தப் பகுதி என்பதும் முக்கியம். வயிற்றுப் பக்கத் தோல் மலிவு, ஆனால் இழுபடும், ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு. முதுகுப் பகுதி சிறந்தது, விலையும் அப்படியே. தோள்பட்டைத் தோலில் கழுத்துச் சுருக்கக் கோடுகள் இருக்கும், அதனால் விலை குறையும், பலத்தில் குறை இல்லை. ஆரம்பிக்கிறவருக்கு அதுவே போதும். அந்தக் கோடுகள் எனக்குப் பிடிக்கவும் செய்யும்.

எருமைத் தோல் தடிப்பானது, மேற்பரப்பு சொரசொரப்பு, நார் கொஞ்சம் தளர்வு. மரப்பட்டையில் பதனிட்டது கிடைத்தால் குறட்டு உறைக்குத் தாராளமாக எடுக்கலாம். ஆட்டுத் தோல் மெல்லியது, உள்வரிக்கு மட்டும். மேளத்துக்குக் கட்டும் தோல் பதனிடாதது. காயும்போது பலகையாக நிற்கும், நனைந்தால் குழைந்து நாறும். மான், மரைத் தோல் யாராவது வீட்டில் பழையது இருக்கிறது என்று தந்தாலும் வாங்காதீர்கள். 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது, வீண் வில்லங்கம்.

எந்த வடிவம்

மூன்று வழி இருக்கிறது.

ஒரே துண்டை மடிப்பது முதல்வழி. கத்தியின் முதுகுப் பக்கம் மடிப்பு வரும், கூர்ப் பக்கம் மட்டும் தையல். ஒரே தையல் வரிசை என்பதால் புதியவருக்கு இதுவே இலகு. கத்திக்குச் செய்வதானால் இரண்டு மடிப்புக்கும் நடுவே, கூர்ப் பக்கம் முழுவதும், ஒரு தோல் பட்டியை வைத்துத் தைக்க வேண்டும். கத்தியின் கூர் அந்தப் பட்டியில்தான் படும், நூலில் படாது. இந்தப் பட்டி இல்லாமல் கத்தி உறை செய்யவே கூடாது. நூல் ஒவ்வொன்றாக அறுந்து ஒரு நாள் உறை வாயைப் பிளக்கும், அது நடப்பது நீங்கள் ஓடும்போதோ விழும்போதோ ஆகத்தான் இருக்கும். பட்டியின் தடிப்பு கத்தி முதுகின் தடிப்போடு ஒத்திருந்தால் சரி.

இரண்டாவது, இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரு பக்கமும் தைத்து, இரு ஓரத்திலும் இடுப்புவார் நுழையும் நீள்துளை வெட்டுவது. துப்பாக்கி உறைக்காரர்கள் பான்கேக் என்று அழைக்கும் வடிவம் இது. உடம்போடு தட்டையாக ஒட்டிக் கிடக்கும், பாரம் இரண்டு பக்கமும் பிரியும். கத்தரி, குறடு போன்ற தடித்த கருவிக்கு மிக நல்லது. அளவு பிடிப்பதுதான் இதில் கஷ்டம். தட்டையாக வைத்து வரைந்த கோட்டிலேயே தைத்தால் கருவி உள்ளே போகாது. கருவியின் தடிப்பில் பாதியையும் தோலின் தடிப்பையும் கூட்டி, அவ்வளவு தூரம் வெளியே தள்ளித் தையல் கோடு வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கத்தரி 2 சென்ரிமீற்றர் தடிப்பு, தோல் 3 மில்லிமீற்றர் என்றால், வரைகோட்டிலிருந்து ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் தள்ளி. தோலில் கை வைக்குமுன் தடித்த மட்டையில் வெட்டி, பேப்பர் கிளிப்பால் கவ்வி, கருவியைச் செருகிப் பாருங்கள்.

மூன்றாவது, பின்லாந்தின் பூக்கோ கத்திகளுக்குச் செய்வதுபோல, கைப்பிடியின் பாதி வரை உள்ளே இறங்கும் ஆழமான குழாய் உறை. தையல் பின்பக்க நடுவில் வரும். பட்டன், வார் எதுவும் இல்லாமல் இறுக்கத்தாலேயே கத்தி நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நனைத்து இழுத்துத் தைக்கும் பக்குவம் வேண்டும், முதல் வேலையாக எடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதலில் குறட்டுக்கு ஒரு மடிப்பு உறை செய்யுங்கள். தையல் கோணினாலும் யாருக்கும் காயம் வராது. அடுத்து கத்தி. ஒரு மாணவனோ தங்கையோ பக்கத்தில் இருந்து பழகுவதானாலும் இந்த வரிசையே பாதுகாப்பு.

இடுப்பில் அது எங்கே தொங்கும் என்பதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். இடுப்புவாருக்குக் கீழே நீளமாகத் தொங்கும் உறை படத்தில் நன்றாக இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் அதன் நுனி இருக்கையில் முட்டி முழு உறையையும் மேலே தள்ளும், கத்தி வெளியே வரப் பார்க்கும். நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் குந்தியிருந்து எழும்பும்போதும் தொடையில் குத்தும். உயரத்தில், பின் இடுப்பு எலும்புப் பக்கமாக ஒட்டி நிற்பதே நம் வேலைக்கு ஏற்றது. வாரின் அகலத்தை மறக்காமல் அளந்து எடுங்கள். காற்சட்டை வார் பொதுவாக ஒன்றரை அங்குலம். சாரத்தின் மேல் கட்டும் வார் அதைவிட நல்ல அகலம். வெளிநாட்டு அச்சுப் படத்தை அப்படியே வெட்டினால் அப்பாவின் வாரில் அது நுழையாது. இந்த வார் வளையத்தை உறையை மூடித் தைப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும், பிறகு உள்ளே கை போகாது.

வயலுக்குப் போகும் கத்தி என்றால் உறையின் அடி நுனியில் சின்னத் துளை ஒன்று விடுங்கள். சேறும் தண்ணீரும் வடிந்துபோக அது போதும்.

தையல்: சப்பாத்துக்காரர் வழியா, இரட்டை ஊசியா, ரிவெட் ஆணியா

சந்தையடியில் உட்கார்ந்து சப்பாத்துத் தைக்கிறவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து இறக்கி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, அந்த வளையத்துக்குள் மற்ற நூலை ஓட்டுகிறார். வேகம் அபாரம். ஒரு குறட்டு உறையை அவர் தைத்து முடிக்கும் நேரத்தில் நாம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்போம். அந்தத் தையல் தையல் மெஷினின் தையல் மாதிரி, மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பிடித்து நிற்பது. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளர ஆரம்பிக்கும். அவரிடம் கொடுத்தே தைக்கலாம், நியாயமான கூலியும் கொடுக்க வேண்டும். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் நிறைய இருக்கிறது: தோலை எப்படிச் சீவி மெலிய வைப்பது, பசையை எவ்வளவு நேரம் காயவிட்டு ஒட்டுவது, கத்தியை எந்தக் கல்லில் தீட்டுவது. எந்தக் காணொளியிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

இரட்டை ஊசித் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபாதி நூல் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் செய்கிறவர்கள் வழிவழியாகத் தைத்தது இப்படித்தான். மெதுவானது, ஆனால் கற்க மிக இலகுவானது. கத்தி உறைக்கு இதையே எடுங்கள். நூலின் நீளம் தையல் நீளத்தின் நான்கு மடங்கு வேண்டும். 20 சென்ரிமீற்றர் தையலுக்கு 80, அதோடு கையில் பிடிக்கக் கொஞ்சம். கடைசியில் இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

ரிவெட் ஆணி வேகமானது. குறட்டு உறைக்குப் பரவாயில்லை. கத்திக்கு ரிவெட் மட்டும் போதாது, இரண்டு ஆணிக்கு நடுவே தோல் விரியும். இரும்பு ரிவெட்டைத் தவிருங்கள், ஈரத்தில் அது மரப்பட்டைத் தோலோடு சேர்ந்து கறுப்புக் கறையை உண்டாக்கும், பிறகு துருப்பிடிக்கும். தையலுக்குத் துணையாக உறை வாயின் ஓரத்தில் ஒரு செம்பு ரிவெட் வைப்பது நல்ல வழக்கம், செருகும்போதும் உருவும்போதும் இழுவை அதிகம் விழுவது அங்கேதான்.

நூலில் நமக்கு ஒரு வசதி. மீன்பிடிச் சாமான் கடை இல்லாத கரையோர ஊர் இங்கே இல்லை. வலை கட்டும் முறுக்கு நைலோன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்தால் தைக்கலாம். ஆனால் நைலோன் நனைந்தால் கொஞ்சம் இழுபடும், தையல் தளரும். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் பொலியெஸ்டர் நூல் கிடைத்தால் அது இன்னும் நல்லது. தங்கூசியால், அதாவது ஒற்றை இழைத் தூண்டில் நூலால், தைக்க வேண்டாம். முடிச்சு வழுக்கும், இறுக்கினால் தோலையே அறுக்கும். பருத்தி நூல் வியர்வையில் உக்கிப்போகும்.

துளை போட சாய்சதுர முனையுள்ள பல் உளிகள் விற்கிறார்கள், துளைகள் ஒரே இடைவெளியில் சாய்வாக வரும், தையல் அழகாக இருக்கும். கையில் இல்லாவிட்டால் உணவு முள்ளுக்கரண்டியை ஓரத்தில் அழுத்தி இடைவெளியைக் குறித்துக்கொண்டு குத்தூசியால் துளைக்கலாம். நடுப்பட்டியோடு சேர்ந்து 9 மில்லிமீற்றர் தடிப்பை நேராகத் துளைப்பது புதியவருக்குச் சிரமம். மெல்லிய 1.5 மில்லிமீற்றர் ட்ரில் ஊசியால் துளையிடுங்கள், பின்பக்கமும் கோடு நேராக வரும். துளை வட்டமாக இருக்கும், தையலின் சாய்வு அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இடைவெளி 4 முதல் 5 மில்லிமீற்றர். துளைக்கு முன் சப்பாத்துப் பசையால் ஒட்டிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும்.

நனைத்து உருவம் பிடிப்பது எப்போது

இங்கே ஒப்பிட வேண்டியது பருவங்களை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை காற்றே ஈரம். நனைத்த தோல் காய நாளாகும், காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும். வறண்ட மேல்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் மாலை நனைத்து நிழலில் தொங்கவிட்டால் அடுத்த நாளே நன்றாக இறுகிவிடும். மாரியில் தைப்பதையும் மினுக்குவதையும் செய்யுங்கள், நனைப்பதைத் தள்ளிப் போடுங்கள். அவசரமென்றால் மின்விசிறியின் முன்னால் வைக்கலாம். நேர் வெயிலில் வைப்பதும் அடுப்பருகில் வைப்பதும் கூடாது, தோல் சுருங்கி உடையும் தன்மைக்கு வந்துவிடும். தண்ணீரும் சாதாரணத் தண்ணீராகவே இருக்கட்டும்.

தோலைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி நின்றதும் எடுத்துவிடுங்கள். மேற்பரப்பின் பழைய நிறம் மெல்லத் திரும்பத் தொடங்கும்போதுதான் உருவம் பிடிக்கப் பதம். கருவிக்கு எண்ணெய் தடவிப் பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே வையுங்கள். ஈரத் தோலில் இரும்பு நேராகப் பட்டால் இரண்டும் கெடும். கரண்டியின் பின்பக்கத்தால் கருவியின் வடிவம் தெரியும்படி அழுத்தித் தேயுங்கள். ஆனால் கத்தியின் கூர்ப் பக்கத்தை அழுத்தவே கூடாது.

நிறமும் மெழுகும்

கடைச் சாயம் சீராக ஏறும். செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. வினாகிரியில் இரும்புக் கம்பளியைப் போட்டு, போத்தலின் மூடியை இறுக்காமல் சில நாள் வைத்தால் வரும் கரைசலைப் பூசினால், மரப்பட்டைத் தோல் கண்ணெதிரே கறுக்கும். டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது, கையில் ஒட்டாது. முதலில் பால் சேர்க்காத கடுந் தேநீரை ஒருமுறை பூசிக்கொண்டால் கறுப்பு இன்னும் ஆழமாக இருக்கும். பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீரால் துடைத்துப் புளிப்பை முறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கத்தியைத் தின்னும். உறையின் உட்பக்கத்தில் எதையும் பூச வேண்டாம்.

எண்ணெயா மெழுகா என்றால் மெழுகு. வெளிநாட்டவர் சொல்லும் மாட்டுக்கால் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறார்கள் சிலர். நம் வெப்பத்தில் அது உறையாமல் உள்ளே ஊறி, கஷ்டப்பட்டுப் பிடித்த உருவத்தை இளக்கிவிடும். தேன்மெழுகை உருக்கி, மிகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சேர்த்து, துணியால் தேய்த்து, தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடுகாட்டினால் மெழுகு உள்ளே இறங்கும். விளிம்புகளை நனைத்து, மரத்துண்டால் வேகமாகத் தேய்த்து மினுக்கிய பிறகு அதே மெழுகைப் பூசுங்கள்.

மாரி தொடங்குமுன் இன்னொரு முறை மெழுகு போடுங்கள். உறையை அலுமாரிக்குள் பூட்டாமல் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். பூஞ்சணம் கண்டால் காய்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, ஒரு நாள் காற்றாட விட்டு, பிறகு மெழுகு. இரவில் கத்தியை உறைக்குள்ளேயே விட்டுவைக்காமல் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் தடவித் தனியாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.